வடம் பிடித்த கைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். சாமி காரியம் என்பதால் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளிய பெரிய தேர் ரத வீதியில் நிற்கிறது. வடத்தின் நீளம் முழுக்க ஆட்கள். ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழக்கம். தேர் அசைகிறது, குலுங்குகிறது, நகர்கிறது. வடத்தில் கை வைத்திருக்கும் அத்தனை பேரும் இழுக்கிறார்களா?

சிலர் இழுப்பது கண்ணுக்கே தெரிகிறது. காலை ஊன்றி, முதுகை வளைத்து, கழுத்து நரம்பு புடைக்க இழுக்கிறார்கள். சிலர் ஒரு கையால் வடத்தைத் தொட்டுக்கொண்டு மறு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். கைக்குழந்தையின் விரலை வடத்தில் வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒதுங்குகிறார்கள் தாய்மார்கள். இவர்களுக்கு நடுவில் ஒரு பெருங்கூட்டம். இழுப்பதாகத்தான் தெரிகிறது; எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியுமா என்பது அடுத்த கேள்வி.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஊர் கூடினால் ஒவ்வொருவரின் பலமும் கூடுமா, குறையுமா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் கேட்டது பிரான்ஸில். அவர் கையிலும் ஒரு கயிறுதான் இருந்தது.

பண்ணைப் பொறியாளரின் கயிறு

மாக்ஸ் ரிங்கல்மான் உளவியலாளர் அல்ல, வேளாண் பொறியாளர். 1880களில் அவருடைய கவலையெல்லாம் பண்ணை வேலையைப் பற்றியது. ஒரு சுமையை நகர்த்தக் குதிரை நல்லதா, மாடு நல்லதா, மனிதனா, இயந்திரமா? அந்தக் கணக்கில் மனிதனையும் ஓர் இழுவைப் பிராணியாகச் சேர்த்துக்கொண்டார். வேளாண் பள்ளி மாணவர்களை அழைத்து, கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். மறுமுனையில் இழுப்பின் வலுவைக் காட்டும் கருவி இருந்தது. சில விநாடிகள் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தனியாக இழுத்தபோது ஒருவரின் சராசரி இழுப்பு 85.3 கிலோ. ஏழு பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு 65 கிலோ. பதினான்கு பேர் சேர்ந்தபோது தலைக்கு 61.4 கிலோ.

பதினான்கு பேரும் தனித்தனியாக இழுத்த அதே பலத்தோடு சேர்ந்தும் இழுத்திருந்தால் மொத்தம் 1,194 கிலோ வந்திருக்க வேண்டும். வந்தது 860 கிலோ. முழு மூச்சாக இழுக்கும் பத்துப் பேருக்கு உரிய கணக்கு இது. மீதி நான்கு பேர் அன்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அந்த நான்கு பேர் யார் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. பதினான்கு பேருக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளிந்திருந்தார்கள்.

எட்டாவது ஆள்

ரிங்கல்மான் பெயரில் இன்னொரு அட்டவணையும் உண்டு. பாடநூல்களில் அதிகம் வருவது இதுதான். அதைத் தேர் வடத்துக்குக் கொண்டுவந்து கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஆள் வந்து சேர்ந்ததும் இருவரும் ஆளுக்கு 93 என்று இறங்கிவிடுகிறார்கள். மொத்தம் 186. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 85, மொத்தம் 255. நான்கு பேருக்கு ஆளுக்கு 77, மொத்தம் 308. ஐந்து பேருக்கு 70 வீதம் 350. ஆறு பேருக்கு 63 வீதம் 378.

இதுவரை மொத்தம் ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொருவரும் கொண்டுவரும் லாபம் எப்படி இளைக்கிறது பாருங்கள். இரண்டாவது ஆள் கூட்டியது 86. மூன்றாமவர் 69. நான்காமவர் 53. ஐந்தாமவர் 42. ஆறாமவர் 28. ஏழாவது ஆள் வந்ததும் தலைக்கு 56, மொத்தம் 392. அவர் கூட்டியது வெறும் 14. எட்டாவது ஆள் வந்ததும் தலைக்கு 49. எட்டு நாற்பத்தொன்பது எவ்வளவு? அதே 392.

எட்டாவது ஆள் வந்தார், வடத்தைப் பிடித்தார், வியர்த்தார், ‘கோவிந்தா’ போட்டார். தேருக்கு ஒரு குண்டுமணி பலம் கூடவில்லை. அவரைச் சோம்பேறி என்று சொல்லவும் முடியாது. அவரும் மற்ற ஏழு பேரைப் போலவே தன் பலத்தில் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறார். அவர் கொண்டுவந்ததை மற்றவர்களின் இறக்கம் விழுங்கிவிட்டது.

இதே போக்கில் ஒன்பதாவது ஆள் வந்தால் தேர் பின்னால் போகுமா என்று கேட்கலாம். போகாது. முதலில் பார்த்த கிலோக் கணக்கில், ஏழு பேரிலிருந்து பதினான்கு பேருக்குப் போனபோது தலைக்கு 65 கிலோ 61.4 ஆகத்தான் குறைந்தது. மொத்தமோ 455 கிலோவிலிருந்து 860 ஆக உயர்ந்தது. முதலில் சேரும் சில ஆட்களால்தான் பெரிய இறக்கம், பிறகு தேய்மானம் மெதுவாகிவிடுகிறது. ஆயிரம் பேர் பிடிக்கும் வடத்தால் தேர் நகர்வதும், அந்த ஆயிரம் பேரில் பெரும்பாலோர் முழுப் பலத்தோடு இழுக்காமல் இருக்கக்கூடும் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

கண்ணைக் கட்டி இழுக்கச் சொன்னால்

இந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது? ரிங்கல்மான் பெரும்பாலும் உடலைத்தான் குற்றம் சொன்னார். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்குகிறார். இதை இசைவுக் குறை என்று வைத்துக்கொள்வோம். தேரோட்டத்தில் முழக்கம் போடுவதன் உபயோகம் பக்தி மட்டுமல்ல. ‘கோவிந்தா’ என்ற சத்தம் எழும்பும் அந்த நொடிதான் எல்லாக் கைகளுக்கும் பொது நொடி.

ஆனால் அவரே வேறொன்றையும் கவனித்திருந்தார். மாவு அரைக்கும் எந்திரத்தின் கைப்பிடியைக் கூட்டமாகச் சுற்றும் சிறைக் கைதிகள், பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வான் என்று கைப்பிடியோடு கையைச் சும்மா ஓடவிட்டார்களாம். சில நேரம் கைப்பிடி இவர்களை இழுத்துக்கொண்டு போயிற்றாம். இது உடம்புக் கோளாறு அல்ல.

உடலையும் மனதையும் பிரித்துப் பார்க்க 1974இல் அமெரிக்காவில் ஆலன் இங்ஹமும் அவருடைய சகாக்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். வந்தவரின் கண்ணைக் கட்டி, கயிற்றில் முதல் ஆளாக நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் ஆய்வாளர்களின் ஆட்கள். முக்கினார்கள், முனகினார்கள், கயிற்றை இழுக்கவே இல்லை. ஆக, உண்மையில் இழுத்தது ஒரே ஆள். இசைவுக் குறைக்கே இடமில்லை. பின்னால் இரண்டு பேர் இழுக்கிறார்கள் என்று நம்பியபோது அந்த ஒருவரின் இழுப்பு சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கியது. இன்னும் ஆள் சேர்த்ததாகச் சொன்னபோது அதற்குமேல் அதிகம் இறங்கவில்லை.

1979இல் பிப் லட்டானே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் மூவரும் கயிற்றை விட்டுவிட்டுத் தொண்டையை எடுத்துக்கொண்டார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஒலிக்கருவியை மாட்டி, முடிந்த மட்டும் கத்தச் சொன்னார்கள். கூட ஒருவர் கத்துகிறார் என்று நம்பினால், தனியாகக் கத்தியதில் 82 சதவீதம். ஐந்து பேர் கத்துகிறார்கள் என்று நம்பினால் 74 சதவீதம். கூட யாருமே கத்தவில்லை என்பதுதான் உண்மை. இந்த இறக்கத்தைக் கூட்டுச் சுணக்கம் என்று சொல்லலாம். சோம்பல் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். சோம்பேறிக்குத் தான் சோம்பேறி என்று தெரியும். இந்தச் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் தாங்கள் குறைத்ததை உணரவில்லை, அல்லது ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் குறைகிறது என்பதற்குப் பல காரணங்கள் கண்டிருக்கிறார்கள். என் பங்கு தனியாகத் தெரியப்போவதில்லை. என் பங்கு இல்லாவிட்டாலும் வேலை நடந்துவிடும். மூன்றாவது காரணம் கொஞ்சம் கசப்பானது: பக்கத்தில் இருப்பவன் சும்மா நிற்கும்போது நான் மட்டும் ஏன் இளிச்சவாயனாக இழுக்க வேண்டும்? தன்னால் முடிந்தும் ஒருவர் செய்யாமல் இருக்கிறார் என்று தெரிந்தால் கூட இருப்பவரும் கையைத் தளர்த்துவதை 1983இல் நார்பர்ட் கெர் சோதித்துக் காட்டினார். இதற்கு நேர் எதிரான குணமும் மனிதருக்கு உண்டு. வேலை முக்கியம், கூட்டாளியால் முடியாது என்று தெரிந்தால் சிலர் வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்த் திருவிழாக் கமிட்டியிலும் அப்படி ஒருவர் இருப்பார். பந்தல்காரரிடம் பேசுவது முதல் எச்சில் இலை எடுப்பது வரை அவர்தான். நன்றி சொல்லும் நேரத்தில் மேடையில் வேறு யாராவது இருப்பார்கள்.

ரோட்டில் விழுந்தவர்

வடத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதற்கு ஓர் அத்தியாயம் தேவையில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடுகிறது திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. மில் ஷிப்ட் பஸ்கள், கேரளத்து லாரிகள், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள். அந்தச் சாலையில் ஒரு பைக் சறுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் கூடிவிடுகிறார்கள். 108க்கு யார் போன் செய்தது? ‘யாராச்சும் பண்ணியிருப்பாங்க.’

ஜான் டார்லியும் அதே லட்டானேயும் 1968இல் இதைச் சோதித்தார்கள். தனித்தனி அறையில் இருந்தபடி ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டிருந்த மாணவர்களின் காதில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் விழும்படி செய்தார்கள். இது தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதத்தினர், குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னொருவருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 62 சதவீதம். இன்னும் நான்கு பேருக்குக் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம். வடத்தில் பலம் பிரிந்தது, இங்கே பொறுப்பு பிரிகிறது. பொறுப்புச் சிதறல் என்று இதைச் சொல்லலாம்.

இந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த செய்தி பிரபலமானது. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று பத்திரிகை எழுதியது. பின்னாளில் தோண்டிப் பார்த்தபோது அந்தக் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று தெரிந்தது. ‘காலம் கெட்டுப்போச்சு, மனுஷத்தனம் செத்துப்போச்சு’ என்று சொல்ல இந்தச் செய்தியை எடுப்பவர்கள் இன்னோர் ஆய்வையும் பார்க்க வேண்டும். 2019இல் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல், அதாவது 91 சதவீதத் தகராறுகளில், பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது குறுக்கே புகுந்திருந்தார். கூட்டம் பெருகப் பெருக யாராவது ஒருவர் தலையிடும் வாய்ப்பும் பெருகியது. முரண்பாடு போலத் தெரியும். வடத்தின் கணக்கு ஞாபகமிருந்தால் முரண்பாடே இல்லை: தலைக்குக் குறைகிறது, மொத்தத்தில் கூடுகிறது.

நம் ஊரில் இன்னொரு தடையும் இருந்தது. அது உளவியல் அல்ல, போலீஸ் ஸ்டேஷன். தூக்கிக்கொண்டு போனவரையே பெயர் என்ன, ஊர் என்ன, சாட்சிக்கு வா என்று அலைக்கழித்தால் யார் தொடுவார்? 2016இல் உச்ச நீதிமன்றம் இப்படி உதவுபவர்களைப் பாதுகாக்கும் விதிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அச்சத்தைச் சட்டம் நீக்கலாம். சிதறிய பொறுப்பை அதனால் திரட்ட முடியாது.

அதைத் திரட்டும் வழி வியக்கத்தக்க அளவு எளிதானது. 2000இல் பாட்ரிக் மார்க்கி என்பவர் 400 இணைய அரட்டைக் குழுக்களில் நுழைந்து, ஒரு சின்ன உதவி கேட்டார். குழுவில் ஆள் அதிகமாக இருந்தால் பதில் வரத் தாமதமானது. ஆனால் ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டபோது அந்தத் தாமதம் காணாமல் போயிற்று. வாட்ஸ்அப் குழுவில் ‘ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்’ என்று போட்டால் இருநூறு பேர் பார்ப்பார்கள், நாற்பது பேர் கும்பிடும் கைகளைப் போடுவார்கள். ரத்தம் வராது. ரோட்டிலும் அப்படித்தான். ‘யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்களேன்’ என்று கத்துவதைவிட ‘நீலச் சட்டை அண்ணே, நீங்க 108க்கு அடிங்க’ என்பது வேலை செய்யும். அண்ணனுக்கு இனித் தப்பிக்க இடமில்லை.

முட்டுக்கட்டைக்காரர்

திரும்பத் தேருக்கு வருவோம். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தடியில் நிற்பவர்களைப் பாருங்கள். தேர் நேராகப் போகவும், திரும்பவும், நிற்கவும் முட்டுக்கட்டை கொடுப்பவர்கள். சக்கரம் உருண்டு வரும்போது குனிந்து கட்டையைச் செருகிவிட்டு விலக வேண்டும். ஒரு கணம் பிசகினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறும், அல்லது கால் போகும். அவர்களில் ஒருவராவது சுணங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அல்ல. இந்தச் சக்கரம் இன்னார் பொறுப்பு. கட்டை சரியாக விழுந்ததா என்பது அந்த நொடியே ஊருக்குத் தெரியும். அவருக்குப் பதில் இன்னொருவர் செய்ய முடியாது. லட்டானே குழுவினர் 1981இல் கத்தும் சோதனையை மறுபடி நடத்தினார்கள். உங்கள் குரலைத் தனியாக அளக்கிறோம் என்று நம்ப வைத்தபோது கூட்டுச் சுணக்கம் மறைந்தது. 1993இல் ஸ்டீவன் கராவும் வில்லியம்ஸும் அதுவரை வந்த 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன் பங்கு தெரியும்போது, அது தனித்தன்மை உள்ளதாக இருக்கும்போது, வேலை அர்த்தமுள்ளதாகத் தோன்றும்போது, கூட இருப்பவர்கள் வேண்டியவர்களாக இருக்கும்போது சுணக்கம் குறைகிறது. கீழை நாடுகளில் மேலை நாடுகளைவிடக் குறைவு என்றும் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். குறைவு என்றார்களே தவிர இல்லை என்று சொல்லவில்லை.

மில் முதலாளிகளுக்கு இதை எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லோடு ராஜபாளையம் நூற்பாலை ஊராயிற்று. நூற்பு இயந்திரம் பார்க்கும் சைடருக்கு இத்தனை சைடு என்று கணக்கு உண்டு. நூல் அறுந்தால் எந்தச் சைடில் அறுந்தது, யார் பார்க்கும் சைடு என்பது மேஸ்திரிக்குத் தெரியும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளில் மீட்டர்தான் பேசும். பங்கு தெரிவது எப்போதும் உழைப்பவருக்கு நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. இடைவிடாது அளக்கப்படுவதன் களைப்பை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்களிடம் பார்க்கலாம்.

அர்த்தம் என்ற காரணத்துக்கும் இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டைப் பொதுவுக்குக் கொடுத்தார். அங்கே உண்டான மன்றத்தின் பெயரில் கொடுத்தவர் பெயர் இல்லை. அது காந்தி கலை மன்றம்.

உபயம்

ஆனால் ஊர் முழுவதும் குமாரசாமி ராஜாக்களாக இருக்க மாட்டார்கள் என்பது கோயில் நிர்வாகங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் உபயம். மணிக்கு, விளக்குக்கு, படிக்கட்டுக்கு, மின்விசிறியின் இறக்கைக்குக் கூடப் பெயர். டியூப் லைட்டின் மேல் எழுதிய பெயர் வெளிச்சத்தையே மறைக்கிறது என்று கிண்டல் செய்கிறோம். கிண்டல் நியாயம்தான். ஆனால் விளக்கு எரிகிறது. பெயர் தெரியாத பொது உண்டியலில் மட்டுமே பணம் போடச் சொல்லியிருந்தால் அந்த இடம் எவ்வளவு வெளிச்சமாக இருந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

மண்டகப்படி இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு. பத்து நாள் திருவிழாவைப் பத்தாகப் பிரித்து, இந்த நாள் இந்தக் குடும்பத்தார், இந்த நாள் இந்தத் தொழில் செய்பவர்கள் என்று கொடுத்துவிடுவது. அன்றைய பூ வாடியிருந்தால், பிரசாதம் போதாமல் போனால், ஊருக்கே தெரியும் யாருடைய நாள் என்று. ஆயிரம் பேரின் பொதுப் பொறுப்பு பத்துக் கூட்டங்களின் சொந்தப் பொறுப்பாகிவிடுகிறது.

கண்மாயிலும் இதே யோசனைதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் இந்தப் பகுதியில் கண்மாய் கண்மாயாக நிரம்பிப் போகும். கரையை மேடாக்குவது, வரத்துக்காலைத் தூர்வாருவது எல்லாம் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்களின் கூட்டு வேலை, அதாவது குடிமராமத்து. ஓர் ஆள் வராவிட்டால் கரை உடைந்துவிடாது. எல்லோரும் அப்படி நினைத்தால் உடைந்துவிடும். அதனால்தான் யார் பங்கு எவ்வளவு என்ற கணக்கு தேவைப்பட்டது; மடையைத் திறந்து மூடி வயலுக்கு வயல் பார்த்து விடும் நீர்பாய்ச்சியும் தேவைப்பட்டார். ஆங்கிலேயர் ஆட்சி 1858இல் இந்த வேலையைச் சட்டம் போட்டே கட்டாயமாக்கப் பார்த்தது. ஊர்க்காரர்களின் கண் செய்துவந்த வேலையைத் தாலுகா கச்சேரி செய்ய முடியவில்லை. உலகின் பல பாகங்களிலும் பொது நீரையும் காட்டையும் மீன்வளத்தையும் மக்கள் எப்படிக் காத்தார்கள் என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில் திரும்பத் திரும்ப இதைத்தான் காட்டினார்: கண்காணிப்பவர் தங்களில் ஒருவராக இருக்க வேண்டும், தவறுக்கு முதலில் சின்னத் தண்டனை போதும். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்.

தொட்டவரும் இழுத்தவரும்

இந்த இடத்தில் ஒரு பக்தர் என்னிடம் சண்டைக்கு வரலாம். ‘என்னமோ பாரம் இழுக்கிற வேலை மாதிரி பேசுறீங்களே. வடத்தைத் தொட்டாலே புண்ணியம்.’ அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பெரிய தேர்கள் முன்பு நிலை சேரப் பல நாட்கள் எடுத்ததுண்டு. இப்போது பல தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. சில ஊர்களில் பின்னால் இருந்து தள்ள மண் அள்ளும் இயந்திரமும் வருகிறது. கைகளின் தேவை குறைந்தது, வடத்தைப் பிடிக்கும் கூட்டம் குறையவில்லை. அப்படியானால் வடம் வேறெதையோ செய்கிறது.

மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசத்தில் திமித்ரிஸ் ஸிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளர் இதைப் பார்த்தார். 2013இல் வெளியான அந்த ஆய்வில், உடம்பில் அலகு குத்திக் காவடி எடுத்தவர்களுக்கும், கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களுக்கும் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்து, விருப்பமிருந்தால் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. வழிபட்டவர்கள் சராசரியாகச் சுமார் 80 ரூபாய் போட்டார்கள், காவடி எடுத்தவர்கள் சுமார் 130. காவடிக்காரர்களோடு கூடவே நடந்து, அவர்கள் வலியைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அதைவிடவும் அதிகமாகப் போட்டார்கள். பெயர் தெரியாத கொடையில், யாரும் அளக்காத இடத்தில், கூடவே நடந்தவர்கள் முந்திவிட்டார்கள். தேரின் பாரத்தில் தன் பங்கைக் குறைத்துக்கொண்ட ஒருவர், ஊரின் பாரத்தில் தன் பங்கைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடும். இழுவைக் கருவியில் இது பதியாது.

நான்கு வடம்

பங்கைப் பிரித்துக் கொடு, பெயரைச் சொல், சுணக்கம் போய்விடும். ஏறக்குறைய எல்லா மேலாண்மை நூல்களும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவரால் அப்படி நிறுத்த முடியாது.

சிவகங்கை மாவட்டத்தில் தேவகோட்டைக்குப் பக்கம் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்று நான்கு நாடுகளுக்கு, அதாவது ஊர்த் தொகுதிகளுக்கு, நான்கு வடம். வில்லியம்ஸும் ஹார்கின்ஸும் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்: ஒரே பெரும் கூட்டத்தை நான்காகப் பிரித்து, எந்த வடம் தளர்கிறது என்று தெரியும்படி வைத்திருக்கிறார்களே! ஆனால் பங்குக்குப் பெயர் வந்ததும் அது உரிமையாயிற்று. உரிமை வந்ததும் யாருக்கு இல்லை என்ற பட்டியலும் வந்தது. வடம் பிடிக்கத் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று தலித் மக்கள் 1990களின் இறுதியில் கேட்டதிலிருந்து அந்தத் தேர் நீதிமன்றத்துக்கும் காவல்துறைக்கும் உரிய விஷயமானது. பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில், உயர் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு, பலத்த போலீஸ் காவலோடு மீண்டும் ஓடியது.

முதல் மரியாதை, பரிவட்டம், இன்னாருக்குப் பிறகுதான் இன்னாருக்கு விபூதி என்ற சண்டைகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயரில்லாத பங்கு சுணங்குகிறது. பெயருள்ள பங்கு நாற்காலி தேடுகிறது. இரண்டில் எது பெரிய நோய் என்று கேட்டால், சுணக்கம் தேரை மெதுவாக்கும், நாற்காலிச் சண்டை தேரை வருடக்கணக்கில் நிறுத்திவிடும் என்பதைக் கண்டதேவியே காட்டியிருக்கிறது.

ஓலை

பங்கும் தெரிய வேண்டும், அது யாருக்கும் நிரந்தரச் சொத்தாகவும் ஆகக் கூடாது. இதற்கு ஒரு பழைய விடை கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919ஆம் 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று உண்டு, ஆறு பேர். ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது வார்டுகளிலிருந்தும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெயர் வந்தவருக்கு ஓராண்டுப் பொறுப்பு. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது.

எட்டாவது ஆளின் சிக்கலுக்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆறே பேர், அதனால் யாரும் ஒளிய முடியாது. சீட்டில் வந்த பொறுப்பு, அதனால் பெருமை பேச முடியாது. ஓராண்டு, அதனால் உட்கார்ந்துவிட முடியாது. கணக்கு, அதனால் மறைக்க முடியாது.

அந்தக் குடத்துக்குள் ஓலை போட யாருக்கு உரிமை என்பதும் அதே கல்லில் இருக்கிறது. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். ஏரியைத் தூர்வார மண் சுமந்தவர்களில் எத்தனை பேருக்குக் கால் வேலி நிலம் இருந்திருக்கும்?